மீட்கப்படுபவையும் மீட்கப்படாதவையும்

பீடி சுற்றும் பெண்கள் பதினோரு பேரின் குரல்களை ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்திருந்தேன். மேசையிலிருந்து விழுந்த பிறகு அதைக் கணினியில் இணைத்தால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது.

"இனி ஆன் பண்ணாதீங்க மேடம்" என்றார் கடைக்காரர். சுழலும் தட்டுக்கு மேல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. அடிபட்ட முனை தட்டில் உரசினால், ஒவ்வொரு சுற்றிலும் பதிவைச் சுரண்டிவிடும். தூசியில்லாத அறையில் திறந்து முனையை மாற்ற வேண்டும். அதற்கு அவர் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளம்.

அப்போது எனக்குக் கொலம்பியா விண்ணோடம் நினைவுக்கு வந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று அது வானில் சிதறியபோது கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா, லாரல் கிளார்க் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். சிதறல்களில் கருகிய ஹார்டு டிஸ்க் ஒன்றும் கிடைத்தது. செனான் வாயுவின் பிசுபிசுப்பை அளந்த ஒரு சோதனையின் பதிவுகள் அதில் இருந்தன. உறை உருகி உள்ளே தூசி புகுந்திருந்தது. ஆன்ட்ராக் நிறுவனப் பொறியாளர் தட்டுகளைக் கழுவி, வேறொரு டிஸ்கின் கூட்டில் பொருத்தினார். ஏறக்குறைய 99 சதவீதம் திரும்பக் கிடைத்தது. 2008இல் ஆய்வு முடிவுகள் வெளியாயின. பழைய டாஸ் இயங்குதளம் தகவலைச் சிதறவிடாமல் ஒரே பகுதியில் எழுதியிருந்ததும், அந்தப் பகுதி சேதப்படாததும் உதவின. அதே ஓடத்தின் வேறு இரண்டு டிஸ்குகளில் எதுவும் தேறவில்லை.

டெக்சாஸில் ஹெம்ஃபில் அருகே கிடைத்த இன்னொரு கருவியின் காந்த நாடாதான் இடது இறக்கையில் வெப்பம் ஏறியதைக் காட்டியது. புறப்படும்போது அந்த இறக்கையில் நுரைத்துண்டு மோதியதைக் கண்டு, படமெடுத்துப் பார்க்கும்படி பொறியாளர்கள் கேட்டிருந்தார்கள், மேலாளர்கள் மறுத்திருந்தார்கள். இறந்தவர்களுக்காக அந்த நாடா சாட்சி சொன்னது.

கல்பனாவுக்குச் சாட்சியின் அருமை முன்பே தெரிந்திருக்கும். 1997இல் அவருடைய முதல் பயணத்தில் ஸ்பார்டன் செயற்கைக்கோள் தடுமாறியபோது பழி அவர் மீது விழுந்தது. மென்பொருளிலும் நடைமுறைகளிலும் பிழை இருந்ததாக விசாரணை கண்ட பிறகே அது நீங்கியது.

என் டிஸ்கில் விண்வெளி இல்லை. சுற்றிக் கொடுத்த பீடியில் எவ்வளவைத் 'தேறாது' என்று கழித்தார்கள், கழித்ததை என்ன செய்தார்கள், கூலி எத்தனை நாள் தள்ளிப்போனது என்பதைப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். கணக்குப் புத்தகம் கம்பெனியிடம் இருக்கிறது. அவர்கள் பக்கக் கணக்கு அந்தக் குரல்களில் மட்டுமே இருந்தது. செனானுக்காகச் செலவழிக்க ஒரு நாடு இருந்தது. இவர்களுக்காகச் செலவழிக்க யாரும் இல்லை. எதை மீட்பது என்ற முடிவில் எது வரலாறு என்ற முடிவும் அடங்கியிருக்கிறது.

சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன். ஏழு குரல்கள் திரும்பின. மீதி நான்கு பேரைத் தேடி மறுபடியும் போனேன். மூவர் மறுபடி பேசினார்கள். நான்காவது அக்கா இறந்து எட்டு மாதமாகியிருந்தது. அவர் மகள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். "அம்மா சொன்னதுல எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன், எழுதிக்கங்க" என்றாள்.

இப்போது எல்லாவற்றையும் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி அந்தப் பெண்களிடமே இருக்கிறது.