முட்டையோடு காட்டிய ஆண்டு

பைரி என்னும் வேட்டைப் பறவை கூடு கட்டுவதில்லை. கடலோரச் செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் மண்ணைச் சற்றே கிளறிவிட்டு முட்டையிடும். தலைமுறை தலைமுறையாக ஒரே விளிம்பைத்தான் நாடும். எனவே, ஒரு விளிம்பு காலியானால் அதுவே ஒரு செய்தி.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் தூதுப்புறாக்களை எடுத்துச் சென்றனர். அப்புறாக்களைப் பைரிகள் அடித்துத் தின்றதால், அவற்றைச் சுட 1940-இல் அரசே ஆணையிட்டது. ஏறத்தாழ 600 பைரிகள் மடிந்தன. போருக்குப் பின் ஆணை நீங்கியது. பறவைகளும் பெருகத் தொடங்கின. பின்னர், பந்தயப் புறா வளர்ப்போர், "பைரிகள் அளவு மீறிவிட்டன" என்று முறையிட்டனர். சரி, எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று 1961-இல் கணக்கெடுப்புத் தொடங்கியது. பொறுப்பேற்றவர் டெரெக் ராட்கிளிஃப்.

தன்னார்வலர்கள் பாறை பாறையாகச் சென்று பார்த்தனர். விடை நேர்மாறாக இருந்தது! 1963-இல் பைரிகளின் எண்ணிக்கை போருக்கு முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. தென் இங்கிலாந்துக் கடற்கரை அநேகமாக வெறிச்சோடிக் கிடந்தது.

காரணம் என்ன? உடைந்த முட்டைகளை ராட்கிளிஃப் 1951-லேயே கண்டிருந்தார். ஓடு மெலிந்துவிட்டதோ? அப்படியானால் எப்போது முதல்? பழைய முட்டைகளுக்கு எங்கே போவது?

முட்டை சேகரிப்பது பிரிட்டனில் ஒரு காலத்தில் பெருமைக்குரிய பொழுதுபோக்கு. (கொள்ளை என்பதே பொருந்தும், 1954-இல் சட்டம் அதைத் தடுத்தது.) சிறு துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி அகற்றி, ஓட்டின் மேல் தேதி எழுதி இழுப்பறைகளில் அடுக்கியிருந்தனர். அவற்றை உடைக்காமல் ஓட்டின் தடிப்பை அளப்பது எவ்வாறு? நீங்களே யோசியுங்கள். ஓட்டின் எடையை நீளம், அகலம் இவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் போதும். நீளம் 51 மி.மீ., அகலம் 41 மி.மீ., ஓட்டின் எடை 3,800 மில்லிகிராம் எனக் கொள்வோம். ஈவு ஏறத்தாழ 1.8. அதே அளவுள்ள இன்னொரு முட்டையின் ஓடு 3,100 மில்லிகிராம் என்றால் ஈவு 1.5. ஓடு மெலிந்துவிட்டது என்று பொருள். தராசும் அளவுகோலும் தவிர வேறு கருவி தேவையில்லை!

ஆண்டு வாரியாக ஈவுகளைக் குறித்தபோது, பல்லாண்டுகள் மாறாதிருந்த கோடு 1947-ஐ ஒட்டிச் சட்டெனச் சரிந்தது. சரிவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. டி.டி.டி. பூச்சிகொல்லி வயல்களுக்கு வந்ததும் அக்காலத்தில்தான். பூச்சி, சிறு பறவை, பைரி என்று படிப்படியாகச் செறிந்த நஞ்சு, ஓட்டிற்குச் சேரவேண்டிய சுண்ணாம்பைக் குறைத்துவிட்டது. ராட்கிளிஃப் இதை 1967-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். வளர்ந்த பறவைகளை நேரே கொன்றதில் விதைக்குப் பூசிய டீல்டிரினுக்கும் பெரும் பங்குண்டு.

அமெரிக்காவில் ஹிக்கியும் ஆண்டர்சனும் 1968-இல் அதே சரிவைக் காட்டினர். அங்கே 1972-இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. பிரிட்டனிலும் இந்நஞ்சுகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 1,700-க்கும் மேற்பட்ட பைரி இணைகள் இருந்தன.

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து நம் கோடியக்கரைக்கும் பைரிகள் வருகின்றன. கண்டால், நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள்.