ஒரு சொட்டு இரத்தம் சொல்லும் செய்தி



முன்பெல்லாம் தோட்டத்தில் ஒருவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டால், டிரசர் விரலைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி வைப்பார். "இதில் என்ன தெரியப் போகிறது?" என்று பலர் கேட்டதுண்டு. அதற்குப் பதில் சொல்லும் கருவியே நுண்ணோக்கி.

மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். 1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் அதன் கிருமியைக் கண்டார். 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார். கொசுதான் பகைவன் என்று தெரிந்தபின், 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து நோயைக் குறைத்தார்.

ராஸிடம் லிவர்பூலில் பயின்றவர், 1879-இல் நம் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் ஒரு கொள்ளைநோய் பரவியது. அது பிளேக் என்பதை நுண்ணோக்கி வழியே உறுதிசெய்தார். மூச்சுக்காற்றால் பரவுவதை உணர்ந்து, முகக்கவசம் அணியச் செய்தார். 1911 மார்ச்சில் நோய் ஓய்ந்தது.

சாதாரண நுண்ணோக்கியில் ஒளி கீழிருந்து தகட்டின் ஊடே மேலே வரும். தகட்டை ஒட்டிய வில்லை உருவத்தை 100 மடங்கும், கண் வைக்கும் வில்லை மேலும் 10 மடங்கும் பெருக்க, 1000 மடங்கு ஆகிறது. கிருமி நிறமற்றது, ஆகவே சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள்.

எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சலின் கிருமி சாயத்திற்கும் எளிதில் பிடிபடாது. அத்தாப்புக் கூரையின் ஓட்டை வழியே வெயில் விழும்போது, இருண்ட அறையில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, கரிய பின்னணியில் அதைக் காண்பது இருட்புல நுண்ணோக்கி. காசநோய்க் கிருமிக்கோ ஒளிரும் சாயம் ஏற்றி, நீல ஒளியைப் பாய்ச்சுவார்கள். கிருமி மஞ்சளாக மின்னும்.

நுண்ணோக்கியும் ஏமாறுவதுண்டு. குரங்கிடமிருந்து கொசுவால் மனிதருக்கு வரும் மலேரியாவின் கிருமி, சாதுவான வேறொரு மலேரியாக் கிருமியின் சாயலில் இருக்கும். சரவாக்கில் பலருக்கு அது இருந்ததை மரபணுச் சோதனையே காட்டியது; 2004-இல் அச்செய்தி வெளியாயிற்று. 2018 முதல் நம் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா இல்லை; இந்தக் குரங்கு மலேரியா இன்றும் உண்டு. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே காட்டோரம் வேலை செய்பவர்கள் காய்ச்சல் கண்டதும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேலை செய்யும் இடத்தைச் சொல்லுங்கள். ஒரு சொட்டு இரத்தம் கொடுக்கத் தயங்காதீர்கள்.