டியூபாவை யார் தூக்குவது?

டியூபா வாசிப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது: "பேசாமல் புல்லாங்குழல் கற்றுக்கொண்டிருக்கலாமே?" லிப்டில் நுழையும்போது கேட்பார்கள். சுழல்கதவில் சிக்கி நிற்கும்போது கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவரும் அந்த நகைச்சுவையைத் தாமே கண்டுபிடித்ததாக நினைத்துச் சிரிப்பார்கள். டியூபாக்காரரும் கூடவே சிரித்தாக வேண்டும். வேறென்ன செய்வது, இரண்டு கைகளும் வாத்தியத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றனவே.

மேற்கத்தியப் பித்தளை வாத்தியங்களில் மிகப் பெரியது, மிகத் தாழ்ந்த குரலுடையது டியூபா. பெரிய டியூபாவின் சுருண்ட குழாயை நீட்டி அளந்தால் ஐந்து மீட்டரைத் தாண்டும். எடை 10 முதல் 15 கிலோ வரை. பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மூட்டையும் இரண்டு கால்களும்தான் தெரியும். விமானத்தில் போக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வைப்பவர்கள் உண்டு. அதன் பங்கு சாப்பாடு யாருக்கு என்பது அடுத்த நகைச்சுவை. நடந்தபடி வாசிக்கத் தோளில் மாட்டும் சூசாபோன் 1893இல் அமெரிக்காவில் உருவானபோது அதன் வாய் வானத்தைப் பார்த்து இருந்தது. உடனே 'மழைபிடிப்பான்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த நகைச்சுவைகளை விரும்பிப் படிப்பவள் நான். ஆனால் சுமப்பவர் ஆணாக இருக்கும்வரை டியூபாவைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டம், சுமப்பவர் பெண்ணென்றால் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. "உன்னைவிடப் பெரிதாக இருக்கிறதே!" "உனக்கு யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்?" இந்தச் சின்ன இடமாற்றத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

டியூபாவுக்குப் பிறந்தநாள் உண்டு. 1835 செப்டம்பர் 12 அன்று பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெஷ்ட், யோஹான் மோரிட்ஸ் இருவரும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். வீப்ரெஷ்ட், பிரஷ்ய ராணுவ இசையைச் சீரமைத்தவர். டியூபாவின் மூதாதையான 'செர்பென்ட்' என்ற பாம்புருக் குழல், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தேவாலயப் பாடகர்களுக்குத் துணையாக வந்தது. ஆக, இந்த வாத்தியத்தின் பிறந்த வீடு படைமுகாம், பாட்டன் வீடு தேவாலயப் பாடகர் வரிசை. இரண்டிலும் பெண்ணுக்கு இடமில்லை. அவளால் தூக்க முடியுமா என்ற கேள்வி எழவே வாய்ப்பில்லாத இடங்கள் அவை.

காரணங்கள் பிறகு கண்டுபிடிக்கப்பட்டன என்றும் சொல்ல முடியாது. டியூபா பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1783இல், கார்ல் லுட்விக் யுங்கர் என்ற ஜெர்மானியர் பெண்களுக்கு ஒவ்வாத வாத்தியங்களைப் பட்டியலிட்டுவிட்டார். கொம்பு, எக்காளம், செல்லோ எல்லாம் அதில் உண்டு. அவர் சொன்ன காரணங்கள் உடை, உட்காரும் தோரணை, பெண்ணின் மென்மைக்குப் பொருந்தாத ஓசை. 1904இல் நியூயார்க் இசையமைப்பாளர் குஸ்டாவ் கெர்க்கர், பெண்களுக்கு ஊதுகருவிக்கான வலு கிடையாது, ஊதினால் முகம் கோணி அழகு கெடும் என்றார். அவர் இப்படிச் சொல்வதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஹெலன் மே பட்லர் நடத்திய முழுப் பெண்கள் பேண்டு, பஃபலோ நகரின் பான்-அமெரிக்கன் கண்காட்சியில் வாசித்திருந்தது. அந்தக் குழுவின் கனமான வாத்தியங்களைத் தூக்கியதும் ஊதியதும் பெண்கள்தாம்.

எடைதான் பிரச்சினை என்றால் 'ஹார்ப்' என்னும் பெரிய யாழை எடுத்துக்கொள்வோம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அதன் எடை 35 கிலோவைத் தாண்டும். இரண்டு மூன்று டியூபாக்களுக்குச் சமம். ஐரோப்பா அதைப் பெண்ணுக்கு உகந்த வாத்தியம் என்றது. அதை அணைத்தபடி உட்காரும் பெண்ணின் கைகள் அழகாகத் தெரியும் அல்லவா! வியன்னா பில்ஹார்மோனிக்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸ், 1997இல்தான் உறுப்பினராக ஏற்கப்பட்டார். அதுவரை அவர் வாசிக்கலாம், சேர முடியாது.

இது ஐரோப்பியர்களின் தனிக் குணமும் அல்ல. எங்கள் கல்லூரியில் ஒரு மேசையை நகர்த்த வேண்டுமென்றால், "நாலு பசங்க வாங்கப்பா" என்றுதான் குரல் வரும். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிவருகிற அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த டியூபாவையும்விடக் கனமானது அந்தக் கேன். அவரிடம் யாரும் "எப்படித் தூக்குகிறீர்கள்?" என்று கேட்டதில்லை. பெண்ணின் வலு கூலி குறைந்த வேலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேடைக்கும் சம்பளத்துக்கும் அருகில் வரும்போதுதான் அது சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

இதற்கு அபி கோனன்ட்டைவிட நல்ல சாட்சி இல்லை. 1980இல் மியூனிக் பில்ஹார்மோனிக்கின் முதன்மை டிராம்போன் இடத்துக்கான தேர்வுக்கு அவருக்கு வந்த அழைப்பில் 'திரு' என்றே எழுதியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் வாசித்தார், தேர்வானார். திரை விலகியது, பெண். 1982இல் இரண்டாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். முதன்மை டிராம்போனுக்கு ஆண்தான் வேண்டும் என்பது நடத்துநர் செலிபிடாக்கேயின் வாதம். வழக்கு நடந்தது. தன் மூச்சுக்கு வலு உண்டு என்று காட்ட கோனன்ட் மருத்துவமனைக்குப் போய் நுரையீரலைச் சோதித்துக்கொள்ள நேர்ந்தது. தன் இடத்தையும் சக ஆண் கலைஞர்களுக்கு இணையான சம்பளத்தையும் சட்டப்படி மீட்டு முடிக்க 1993 ஆகிவிட்டது.

இந்த வழக்கைப் படித்தபோது புறநானூற்றின் 103ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. காவின் ஒரு முனையில் பதலையும் மறுமுனையில் சிறுமுழவும் தொங்க, சுரத்தின் வழியில் ஒரு விறலி அமர்ந்திருக்கிறாள். கவிழ்ந்து கிடக்கும் தன் உண்கலத்தை நிமிர்த்துபவர் யார் என்பதே அவள் கவலை. ஔவையார் அவளிடம், இவ்வளவு கனத்தை நீ எப்படிச் சுமக்கிறாய் என்று வியக்கவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் போ, அவன் கொடுப்பான் என்கிறார். கலைஞரிடம் பேச வேண்டியது ஊதியத்தைப் பற்றி என்பது ஔவையாருக்குத் தெரிந்திருக்கிறது.

டியூபாவின் வரலாற்றிலும் விறலியர் உண்டு. 1932இல் பிறந்த கான்ஸ்டன்ஸ் வெல்டன், 1950களில் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவில் டியூபா வாசித்தார். 1957இல் ஃபுல்பிரைட் நிதி பெற்று ஆம்ஸ்டர்டாம் சென்றார், அங்கே கான்சர்ட்கெபாவ் குழுவிலும் வாசித்தார். திரும்பிவந்து 1960இல் மயாமி பல்கலைக்கழகத்தில் டியூபாக்கள் மட்டுமே சேர்ந்த குழுவை உருவாக்கினார். புகழ்பெற்ற ஆண் டியூபா கலைஞர்கள் பலர் அவருடைய மாணவர்கள். இவ்வளவுக்கும் பிறகு, 1973இல் டியூபா கலைஞர்கள் அமைத்த சங்கத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'டியூபா கலைஞர்களின் உலகளாவிய சகோதரர் சங்கம்'. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'டியூபா' என்று வரும் என்பதற்காகச் செய்த சொல்விளையாட்டு. அந்த விளையாட்டில் சகோதரிகள் விடுபட்டுப்போனதைச் சரிசெய்து பெயரை மாற்றக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

2006இல், இன்னும் கல்லூரி மாணவியாக இருந்த இருபது வயது கேரல் யான்ச், நூற்றுக்கு மேற்பட்ட போட்டியாளர்களைத் தாண்டி பிலடெல்பியா இசைக்குழுவின் முதன்மை டியூபா கலைஞரானார். அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்றில் நிரந்தர டியூபா இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். வாத்தியம் பிறந்து 171 ஆண்டுகள் கழித்து.

டியூபா நகைச்சுவைகளைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுழல்கதவில் மாட்டிய டியூபா உண்மையிலேயே சிரிப்புக்குரியதுதான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்தால் அவளுடைய தோளையும் மூச்சையும் அளக்க வேண்டாம். கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் போதும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.