மிளகுக்கு வந்த அபினும் மூளையின் பூட்டுகளும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்தால் இன்றைக்கும் சுக்கும் மிளகும் மணக்கும். 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக் கம்பெனி, இங்கே மிளகுக்கு ஈடாகக் கொடுத்த சரக்குகளில் அபினும் ஒன்று. அது வலியை எப்படி ஆற்றுகிறது என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

1800களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். அந்தச் சாவிக்குரிய பூட்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்பது தெரிய மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் நரம்பு செல்களில் அதற்கென ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும், சுவீடனில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே அதைக் கண்டறிந்தனர்.

குரங்கு, மனித மூளைகளைப் பகுதி பகுதியாக அளந்து பார்த்ததில், ஏற்பிகள் எங்கும் ஒரே சீராக இல்லை என்பது தெரிந்தது. வலிச் செய்தி கடந்துபோகும் தலாமஸில் உண்டு. வலியை அடக்கும் நடுமூளைச் சாம்பல் பகுதியில் நிறைய உண்டு. பயத்தோடும் துக்கத்தோடும் தொடர்புடைய அமிக்டலாவில் மிக அதிகம். சிறுமூளையிலோ மிகக் குறைவு. செய்தி முதலில் நுழையும் தண்டுவடத்திலும், மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இவை இருப்பது பின்னர் தெளிவாயிற்று. வலி தணிவதும், அளவு மீறினால் மூச்சு நிற்பதும் இதனால்தான். 1975இல் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் என்கெஃபலினைக் கண்டுபிடித்தார்கள். ஆக, நம் மூளையே தனக்கென்று ஒரு சாவி செய்து வைத்திருக்கிறது!

இதையெல்லாம் 2003இல் நான் படித்திருக்கவில்லை. அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அபினாச்சே, அடிமையாயிடுவாருப்பா" என்றார் சித்தி. நானும் பயந்து மாத்திரையைப் பத்து நாள் அலமாரியிலேயே பூட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா விளக்கிச் சொன்ன பிறகுதான் கொடுத்தேன். மறுநாள் அப்பா சொன்னார்: "வலி இருக்குடா, ஆனா என்னைப் படுத்தலை." அமிக்டலாவைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தப் பேச்சின் பொருள் எனக்கு விளங்கிற்று.

1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நாடெங்கும் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு வெகுமுன்பே, 1993இல், டாக்டர் ராஜகோபால் முதலானோர் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் தொடங்கி வழிகாட்டினார்கள். மருந்தை டாக்டர் அளந்து கொடுத்துக் கண்காணித்தால் ஆபத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். சட்டம் திருந்திவிட்டது, நம் வீட்டு அலமாரிகளும் திறக்க வேண்டும். அப்பாவின் அந்தப் பத்து நாளை என்னால் திருப்பித் தர முடியாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள்கூட வீணாக வேண்டாம்.