பழைய பிளாப்பியும் திறக்காத ஒன்பது பாட்டும்



போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய பிளாப்பி டிஸ்க்குகள் கிடைத்தன. ஆண்டு விழாக்களுக்காக நான் மெட்டமைத்து, கீபோர்டில் வாசித்துக் கணினியில் ஏற்றிய பதினோரு பாடல்கள். பேரன் பிளாப்பி படிக்கும் கருவி வாங்கி வந்தான். ஒன்பது பாடல்கள் திறக்கவே இல்லை. அந்த மென்பொருளே இப்போது கிடையாது. ‘மிடி’ கோப்பாகச் சேமித்திருந்த இரண்டு மட்டும் உடனே ஒலித்தன. ஏன் இந்த வித்தியாசம்? வாத்தியார் அல்லவா, சரித்திரம் சொல்லாமல் விடுவேனா!

1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சி. இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலித்தது. அதுதான் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் இதற்கு முன்னின்றவர்கள். போட்டிக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று உரிமைக் கட்டணம் இல்லாமலே விட்டார்கள். 2013இல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

மிடி ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம், அவ்வளவுதான். நோட்டில் ஸ்வரம் எழுதி வைப்பது மாதிரி. அதனால் எந்தக் கருவியும் அதை வாசித்துவிடும்.

1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்பு கூடவே இருந்தது. 1989இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அதற்காகக் கியூபேஸ் மென்பொருளை வெளியிட்டது. அட்டாரி போய்விட்டது, கியூபேஸ் வேறு கணினிகளுக்கு மாறி இன்றும் இருக்கிறது. 1988இல் வந்த ஃபினாலே, ஸ்வரக் குறிப்பு எழுதுவோரிடம் பெரிய பெயர் பெற்றது. 2024 ஆகஸ்டில் அதை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்தது. பழைய வேலைகளை மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவும் சொன்னது.

பழைய மென்பொருள் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கைக்குப் பழகியது, கணினி ஓடும்வரை ஓடட்டும். ஆனால் அதில் செய்ததைப் பொது வடிவத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒரு கம்பெனியின் ஆயுளை நம்பி உங்கள் உழைப்பை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

அந்த ஒன்பதில் நான்கு எனக்கு நினைவிருக்கிறது. மற்ற ஐந்தையும் மேடையில் பாடியவர்கள் நீங்கள்தான். மெட்டு நினைவிருப்பவர்கள் குரல் பதிவாக அனுப்புங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை, மதிப்பெண் குறைக்க மாட்டேன்.