நிறம் சொல்லாத வாட்: ரெசிஸ்டரின் கதை

எலக்ட்ரானிக்ஸ் லேப் பக்கம் போனவங்களுக்கு பி.பி.ராய் என்பவரைத் தெரிஞ்சிருக்கும். கிரேட் பிரிட்டன்காரர், ரொம்ப நல்ல மனைவி அமைஞ்சவர். ஆனா அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லை. பிளாக், பிரவுன், ரெட், ஆரஞ்சு, எல்லோ என்று ரெசிஸ்டரின் பத்து நிறங்களை வரிசையா ஞாபகம் வச்சுக்கறதுக்காக உருவாக்கின ஆள் அவர். கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2 என்று போய் வெள்ளை 9-ல் முடியும். இந்த நிறங்கள் எப்படி வந்தது, எதைச் சொல்லாம விட்டது? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

1920-களுக்குப் போவோம். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ரேடியோ வர ஆரம்பிச்ச காலம். 1924-ல் அங்கே ரேடியோ தயாரிப்பாளர்கள் ஒரு சங்கம் தொடங்கினாங்க. சுருக்கமா ஆர்.எம்.ஏ. மின்னோட்டத்தை மட்டுப்படுத்துற ரெசிஸ்டர்கள் ஒவ்வொரு ரேடியோவிலும் இருந்தது. எல்லாம் சின்னச் சின்ன உருளைகள். அதுமேல எண்ணை அச்சடிக்கிறது கஷ்டம். அடிச்சாலும், எண் கீழ்ப்பக்கம் திரும்பிட்டா படிக்க முடியாது. அதுக்கு ஆர்.எம்.ஏ. கொண்டுவந்த வழிதான் நிறம்.

முதல்ல கோடுகள் கிடையாது. உடம்பு முழுக்க அடிச்ச நிறம் முதல் எண். ஒரு முனையின் நிறம் இரண்டாவது எண். நடுவில் இருக்கிற புள்ளி, பின்னாடி எத்தனை பூஜ்யம் என்று சொல்லும். சிவப்பு உடம்பு, பச்சை முனை, ஆரஞ்சு புள்ளி என்றால் 25,000 ஓம். சரி, 2,200 ஓம்? உடம்பு, முனை, புள்ளி மூணுமே சிவப்பு! புள்ளி எங்கேன்னு தேடினா கிடைக்காது. புள்ளி தெரியலைன்னா உடம்பு நிறமே புள்ளின்னு எடுத்துக்கணும்.

பிறகு கோடுகள் வந்தது. உருளையைச் சுத்தி ஓடுறதால எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியும். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4,700 ஓம். நாலாவது கோடு தங்கநிறம்னா 5 சதவீதம் முன்னபின்ன இருக்கலாம், வெள்ளிநிறம்னா 10, கோடே இல்லைன்னா 20. 1952-ல் இது சர்வதேசத் தரமாவும் ஆச்சு. ஒரு நாட்டில் செஞ்ச பெட்டியை இன்னொரு நாட்டு ரிப்பேர்காரர் திறந்தாலும் மதிப்பைப் படிச்சிடலாம். சின்ன விஷயம் இல்லை இது.

ஆனா கோடுகள் வாட் பற்றி வாயே திறக்காது. ஒரு ரெசிஸ்டர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதுதான் அதன் வாட். ரேடியோ காலத்தில் அதை உருவத்தை வச்சுத்தான் கணிச்சாங்க: கால் வாட் ஒல்லி, 2 வாட் குண்டு. 100 ஓம் ரெசிஸ்டருக்கு 12 வோல்ட் கொடுத்துப் பாருங்க. 12-ஐ 12-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தா 1.44 வாட். அங்கே கால் வாட் ரெசிஸ்டரை வச்சா? கோடெல்லாம் சரியாத்தான் இருக்கும், புகையும் வரும்.

இதில் ஒரு கொடுமை இருக்கு. சூடு ஏறினா முதல்ல மாறுறது பெயின்ட். சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு மூணும் கருகி ஒரே மாதிரி ஆயிடும். வாட் தப்பாப் போனா, மதிப்பைச் சொல்ற கோடும் சேர்ந்து போயிடும். பழுதுபார்க்கிறவருக்கு அது தேவைப்படுற நேரத்தில்தான் அது படிக்க முடியாமப் போகுது. அப்புறம் சர்க்யூட் படத்தைத் தேடணும், இல்லைன்னா அதே மாதிரி இன்னொரு போர்டைப் பார்க்கணும்.

உருவத்தைப் பார்த்துக் கணிக்கிற பழக்கமும் இப்போ முழுசா நம்ப முடியாது. மெட்டல் ஃபிலிம் வகையில் அரை வாட் ரெசிஸ்டர், பழைய கால் வாட் அளவிலேயே கிடைக்குது. போர்டில் ஒட்டியிருக்கிற சின்ன சிப் ரெசிஸ்டர்களில் நிறமே இல்லை, திரும்பவும் எண்தான். 103 என்றால் 10,000 ஓம். அதிலும் வாட் கிடையாது.

அதனால, அடுத்த முறை ரெசிஸ்டர் வாங்கும்போது ஓம் மட்டும் சொல்லாதீங்க. வாட்டையும் கணக்குப் போட்டு, அதைப்போல ரெண்டு மடங்காக் கேட்டு வாங்குங்க. நம்ம உதாரணத்துக்கு 3 வாட். பி.பி.ராய் இதைச் சொல்லித்தர மாட்டார். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.