திருவையாற்று ஆராதனை: ஒரு நினைவு வழிபாட்டின் வரலாறு

தமிழகத்தில் மறைந்தோரை ஆண்டுதோறும் நினைவுகூரும் சடங்குகளுள் குடும்பத்தார் இறந்தவரின் திதியன்று செய்யும் சிராத்தம் குருதி உறவைப் பற்றிச் செல்வது. துறவியர்க்கும் மடத்துத் தலைவர்க்கும் செய்யப்பெறும் குருபூஜையோ மாணாக்கர் மரபைப் பற்றிச் செல்வது. கருநாடக இசையின் தலைசிறந்த இயற்றுநருள் ஒருவரான தியாகராஜருக்குத் திருவையாற்றுக் காவிரிக்கரையில் நிகழும் ஆராதனை இவ்விரண்டிலிருந்தும் கிளைத்து, இரண்டையும் கடந்து வளர்ந்தது. அது இன்றைய வடிவத்தைப் பெறுவதற்கு, அவர் மறைந்த பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அவரை நினைவுகூரும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வழக்கே அந்த நூற்றாண்டின் பிற்பகுதியை நிரப்பியது.

1767-இல் திருவாரூரில் பிறந்த தியாகராஜர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றுத் திருமஞ்சன வீதியில் கழித்தவர். அரசவையின் ஆதரவை நாடாமல், தெருத்தெருவாக இறைவன் புகழைப் பாடிச் சென்று இல்லத்தார் இடும் அரிசியை ஏற்கும் உஞ்சவிருத்தி என்னும் நெறியைக் கைக்கொண்டிருந்தார். இறுதி நாட்களில் துறவு பூண்டு, 1847 சனவரி 6 அன்று, புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியில் மறைந்தார். துறவியரை எரியூட்டாமல் அடக்கம் செய்வதே மரபாதலால் அவர் உடல் காவிரிக்கரையில் அடக்கம் செய்யப்பெற்று, அதன்மேல் துளசி மாடத்துடன் கூடிய பிருந்தாவனம் என்னும் சிறு கட்டடம் எழுப்பப்பட்டது. ஆண் மகவு இல்லாத அவருக்கு மகள் வழியில் ஒரு பேரன் இருந்தார். அவரும் மக்கட்பேறின்றி மறைந்ததால் நேர்வழி மரபு அறுந்தது. 1855-இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி வாரிசின்றி இறக்க, அரசு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாயிற்று. அரண்மனையை அண்டியிருந்த இசைவாணர் பலர் மைசூர், திருவாங்கூர், சென்னை எனப் பிரிந்து சென்றனர். சடங்கு செய்ய வாரிசும் இல்லை, ஆதரிக்க அரசும் இல்லை என்னும் இந்நிலையில் காவிரிக்கரைப் பிருந்தாவனம் கவனிப்பாரற்றுச் சிதைந்தது.

எனினும் அவர் மறைந்த பின் வந்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் தியாகராஜர் மறக்கப்பட்டார் என்று கொள்வது பெரும் பிழையாகும். கல்லில் இல்லாத நினைவு ஓலையிலும் தாளிலும் தொண்டையிலும் இருந்தது. தியாகராஜரின் மாணாக்கரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் ஆசிரியரின் கிருதிகள் என்னும் இசைப்பாடல்களையும் வரலாற்றையும் எழுதிவைத்தனர். அக்குடும்பத்துச் சுவடிகள் பின்னர் மதுரைச் சௌராஷ்டிர சபையைச் சேர்ந்தன. தியாகராஜரின் மற்றொரு மாணாக்கரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் பயின்ற மகா வைத்தியநாத ஐயரும் பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் அக்கிருதிகளைத் தென்னாடெங்கும் கொண்டுசென்றனர். தில்லைஸ்தானம், உமையாள்புரம் என்னும் காவிரிக்கரைச் சிற்றூர்களின் பெயரால் வழங்கும் வேறிரு மாணாக்கர் மரபுகளும் இருந்தன. பாடல் ஒவ்வொரு மரபிலும் சற்றே வேறுபட்டு ஒலித்தது. இவ்வாறு வழிவழியாக வரும் பாட வேறுபாட்டையே இசைவாணர் பாடாந்தரம் என்பர். குருவின் திதியை இவர்கள் தத்தம் ஊரில், தத்தம் இல்லத்தில் கடைப்பிடித்தனர். பொது விழா என்று ஒன்று இல்லை.

தியாகராஜரிடமே நேரில் பயின்ற உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் தம் முதுமைக் காலத்தில் திருவையாற்றுக்கு வந்து, பாழடைந்து கிடந்த சமாதியைக் கண்டறிந்து 1903-இல் செப்பனிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில், 1908-ஐ ஒட்டி, தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் உடன்பிறந்தார் பஞ்சு பாகவதரும் அங்கு ஆண்டு ஆராதனையைத் தொடங்கினர். வேதியர்க்கு உணவளித்தலும் பூசையும் இசையும் சேர்ந்த அவ்விழாவுக்குப் பொருள் வேண்டியிருந்தது; பொருள் திரட்டுவதில் பிணக்கு எழுந்தது; நரசிம்ம பாகவதரைச் சார்ந்தோர் பெரிய கட்சி என்றும், பஞ்சு பாகவதரையும் வயலின் வித்துவான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையையும் சார்ந்தோர் சின்னக் கட்சி என்றும் பிரிந்து, ஒரே ஊரில் ஒருவர் முன்னும் மற்றவர் பின்னுமாக நாட்களைப் பகிர்ந்து தனித்தனியே விழா எடுத்தனர். இப்பூசல்களின் நுணுக்கங்கள் இன்று பெரும்பயன் தருவன அல்ல. இரு கட்சியாரும் தமக்குள் ஒத்துப்போன செய்தியே கருதத்தக்கது: சமாதியின் முன் பெண்கள் பாடுவதற்கு இரு சாராருமே இடம் தரவில்லை.

இத்தகைய சூழலில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் திருவையாற்றுக்கு வந்தார். 1878-இல் மைசூர்ச் சீமையைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில், அதாவது கோயிலுக்குப் பொட்டுக்கட்டிக்கொண்டு இசையும் நாட்டியமும் பயிலும் பெண்களின் மரபில் பிறந்த அவர், வடமொழியும் தெலுங்கும் கற்ற புலமையாளர். சென்னையில் பெரும்பொருள் ஈட்டிய பாடகி. தஞ்சை மராட்டியர் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண் புலவரின் ‘ராதிகா சாந்தவனமு’ என்னும் தெலுங்குக் காவியத்தை 1910-இல் முழுமையாகப் பதிப்பித்து, அது ஒழுக்கக் கேடானது என்று ஆங்கில அரசு விதித்த தடையை எதிர்கொண்டவர். மறைந்த ஒரு பெண்ணின் எழுத்தை மீட்கப் போராடிய அதே உறுதி பின்னாளில் தியாகராஜரின் நினைவிடத்துக்கும் பயன்பட்டது என்று கருதுவது பொருத்தமே.

மைசூர் இசைவாணர் பிடாரம் கிருஷ்ணப்பா 1921-இல் எழுதிய மடல் வழியாகச் சமாதியின் நிலையை அறிந்த நாகரத்தினம்மாள் அதன் சுற்றுநிலத்தைப் பெற முனைந்து, பிருந்தாவனத்துக்கு முன்பாகத் தியாகராஜர் திருவுருவை நிறுவி, மேலே கோயில் எழுப்பினார். 1925 சனவரியில் குடமுழுக்கு நிகழ்ந்தது. இதற்கான செலவின் பெரும்பகுதி அவர் தம் தொழிலால் ஈட்டிய பொருளிலிருந்தும் நகைகளிலிருந்தும் வந்தது. ஆயினும் அவர் கட்டிய கோயிலின் முன்பு அவரே பாட இயலவில்லை. 1927-இல் அவர் தேவதாசிப் பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறத்தில் தனியே இசை விழா தொடங்கினார். அது பெண்கள் கட்சி எனப்பட்டது. அதே ஆண்டில் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்ததை நினைத்துப் பார்த்தால், தம் குலத்தின் கலைவாழ்வு நாற்புறமும் கேள்விக்குள்ளான வேளையில் அப்பெண்கள் காவிரிக்கரையில் பாடினார்கள் என்பதன் கனம் விளங்கும்.

மூன்று கட்சிகளும் 1940-இல் ஒன்றாயின. குடிமைப் பணி அதிகாரி எஸ். ஒய். கிருஷ்ணசாமியும் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயரும் இந்த இணைப்புக்கு உழைத்தவர்கள். பெண்களுக்கும் இடம் கிடைத்தது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கிருதிகளை ஆராதனை நாளன்று அனைவரும் ஒருங்கே பாடும் முறையும் இக்காலத்தில்தான் நிலைபெற்றது. இத்தேர்வுக்குத் தக்க இசைக் காரணம் உண்டு. ஐந்தும் ஆதி தாளத்தில் அமைந்தவை. சரணங்களைச் சுரமாகவும் சொல்லாகவும் அடுத்தடுத்துப் பாடும் கட்டமைப்பு உடையவை. கற்பனைச் சுரம், நிரவல் போன்ற தனியாள் விரிவுகளுக்கு இடம் தராதவை. எனவே வெவ்வேறு பாடாந்தரத்தினர் தம் வேறுபாடுகளைத் தளர்த்திக்கொண்டு ஒரே குரலாகப் பாட அவை இயைந்தன. கச்சேரி மேடையில் முதலிடத்துக்குப் போட்டியிடும் வித்துவான்கள் அன்று தரையில் வரிசையாக அமர்ந்து, இளம் மாணாக்கரோடு கலந்து பாடுகின்றனர். அவ்வைந்தனுள் இறுதியான ஸ்ரீராகக் கிருதி, முன்வாழ்ந்த பெரியோர் அனைவரையும் வணங்குவது. மறைந்த ஒருவரின் நினைவு நாளில் அவரே இயற்றிய இவ்வணக்கம் பாடப்படுவது விழாவுக்கு ஆழ்ந்த பொருளைத் தருகிறது. அன்று காலை திருமஞ்சன வீதி இல்லத்திலிருந்து சமாதி வரை உஞ்சவிருத்தி ஊர்வலம் செல்வதும் மரபாயிற்று. பின்னர் வானொலி ஒலிபரப்பு இவ்விழாவை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுசேர்த்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் தியாகராஜர் ஆராதனை நடைபெற்று வருகிறது.

நாகரத்தினம்மாள் தம் உடைமைகளை அக்கோயிலின் பணிக்கென்றே அறக்கட்டளையாக எழுதிவைத்து, 1952 மே 19 அன்று மறைந்தார். அவரது சமாதி தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அமைந்துள்ளது. அதிலுள்ள அவரது உருவச்சிலை தியாகராஜர் சன்னதியை நோக்கியுள்ளது. கிருதிகளைக் காத்த பெருமை மாணாக்கர் மரபுகளுக்கும், ஆண்டு விழாவைத் தொடங்கிய பெருமை தில்லைஸ்தானத்தாருக்கும் உரியவை. ஆனால் நிலத்தைப் பெற்று, கோயிலைக் கட்டி, அவ்விடத்தை எல்லார்க்கும் உரியதாக்கியவர் நாகரத்தினம்மாளே என்பதால், திருவையாற்று ஆராதனையின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரை முதல் வரிசையில் வைத்தே எழுத வேண்டும்.